ஒசாகாவில் செமினார், ஏற்பாடு என் தலையில். ஜப்பான் அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

பனியன்ஊர்:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்களுக்கு ஐரோப்பா ஆர்டர்தான் சோறு போடுகிறது. 2011 ஆகஸ்டில் இருந்து இந்தியாவுக்கு ஜப்பானோடு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது, விதிப்படி தயாரித்த ஆடைக்கு அங்கே சுங்கவரி கிடையாது, அப்படியிருந்தும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று முதலாளிக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. இப்போது இன்னும் இரண்டு கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு அக்டோபர் முதல் வாரம் ஒசாகாவில் அரை நாள் செமினார் வைக்கிறார். ஒரு ஹோட்டலில் சின்ன ஹால், 40 பேர் வருவார்கள் என்று அங்கே இருக்கிற ஏஜென்ட் சொல்கிறார். ஹாலைத் தவிர மற்றதெல்லாம் நான்தான் பார்க்க வேண்டும்.

ஜப்பானிய மொழியில் எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. முதலாளி இங்கிலீஷ் சமாளிப்பார், ஆனால் பேச்சு சூடு பிடித்தால் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார், நடுவில் பழமொழி எல்லாம் வரும். இங்கிலீஷ் ஸ்லைடு போட்டு ஒப்பேற்றிவிடலாமா, இல்லை மொழிபெயர்ப்பாளர் கட்டாயமா? வேறு எதில் எல்லாம் மாட்டுவேன் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

நகோயா ரிட்டர்ன்:

இங்கிலீஷ் ஸ்லைடு மட்டும் வேண்டவே வேண்டாம். தலையாட்டிக் கேட்பார்கள், புரிந்ததா இல்லையா என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அவர்கள் மொழியில் "ஹாய்" என்றால் "ஆமாம்", ஆனால் அது நாம் போனில் "ம்... ம்..." கொட்டுவது போலத்தான், பல நேரம் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதோடு சரி.

நான் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருந்தபோது நகோயாவில் இதே மாதிரி ஒரு கூட்டம் நடத்தினோம். எங்கள் ஆள் மேடையில் பெருமையாக "வருஷத்துக்கு மூன்று கோடி பீஸ்" என்றார். அங்கே கணக்கு பத்தாயிரத்தில் ஏறும். பத்தாயிரம் ஒரு மான், பத்தாயிரம் மான் ஒரு ஓகு, அதாவது நம்முடைய பத்துக் கோடி. மொழிபெயர்த்த பெண் ஒரு நொடி தடுமாறி மூன்று ஓகு என்று சொல்லிவிட்டார், மூன்று கோடி முப்பது கோடி ஆகிவிட்டது. எல்லோரும் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை! மறுநாள் ஏஜென்ட் போன் செய்து மெதுவாக விசாரித்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. அதனால் ஸ்லைடில் லட்சம், கோடி, மில்லியன் எதுவும் போடாதீர்கள். 30,000,000 என்று எல்லா சைபரையும் போட்டு எழுதுங்கள், பக்கத்தில் 3,000 மான் என்று ஜப்பானிய எழுத்திலும் இருக்கட்டும்.

சூளைமேட்டுச் சென்செய்:

சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன், இடையிடையே மொழிபெயர்க்கவும் போவேன். மேலே சொன்ன தடுமாற்றத்துக்கு அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். தாள் ஒன்றும் கையில் கொடுக்காமல் கடைசி நிமிஷத்தில் மேடை ஏற்றியிருப்பார்கள், எனக்கே நடந்திருக்கிறது.

உடனுக்குடன் காதில் பேசும் முறைக்குத் தனிக் கூண்டு, ஹெட்செட், 15-20 நிமிஷத்துக்கு ஒருமுறை மாறி மாறிப் பேச இரண்டு பேர் என்று செலவு ஏறிவிடும். 40 பேருக்கு அது தேவையில்லை. பேச்சாளர் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லி நிறுத்த, பிறகு நாங்கள் சொல்லும் முறையே போதும். ஆனால் நேரம் பாதியாகிவிடும், ஒரு மணி நேரம் என்றால் உங்கள் முதலாளிக்குப் பேசக் கிடைப்பது அரை மணி நேரம்தான். இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், மேடையில் வைத்து வாட்சைக் காட்டினால் கோபம் வரும்.

அவர் தமிழில் பேசினாலும் குற்றமில்லை, தமிழும் ஜப்பானியமும் தெரிந்த ஆள் கிடைத்தால். இரண்டிலும் வினை கடைசியில்தான் வரும், அவர்களும் "போயிட்டு வரேன்" என்றுதான் விடைபெறுவார்கள். ஆனால் பழமொழியை மட்டும் முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். ஸ்லைடும் பேச்சுக் குறிப்பும் ஒரு வாரம் முன்னாலேயே மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போக வேண்டும். கூடவே உங்கள் தொழில் வார்த்தைகளும். சிங்கிள் ஜெர்சி, இன்டர்லாக், ரிப், பயோ வாஷ், ஜிஎஸ்எம், இதெல்லாம் எனக்கு முதல்முறை கேட்டபோது தலை சுற்றியது, ஒரு அட்டையில் துணித் துண்டுகளை ஒட்டிப் பெயர் எழுதிக் கொடுத்தார்கள், தொட்டுப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

பையிங் ஆபீஸ் பழசு:

தம்பி, கூட்டம் நடக்கிறபோது என்ன நடக்கும் என்று சொல்கிறேன், மிரண்டுவிடாதே. முதலாளி பேசி முடித்து "எனி கொஸ்டின்ஸ்" என்பார். ஹால் அமைதியாக இருக்கும். முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடியிருப்பார், அவர் தூங்கவில்லை என்று வைத்துக்கொள். நம் ஆட்கள் உடனே பதறி அந்த அமைதியை நிரப்பப் பேச ஆரம்பிப்பார்கள், விலையைக் குறைக்கிறோம் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள், அங்கேதான் கெடுகிறது. வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல். வாசலில் "அங்கேத்தோ" என்று ஒரு கருத்துத் தாள் கொடு, கேள்விக்கு நாலு வரி இடம் விடு. கையைத் தூக்காதவர்கள் அதில் கச்சிதமாக எழுதித் தருவார்கள். முடிந்ததும் அரை மணி நேரம் டீக்கு விடு, வியாபாரம் அங்கே நின்றுகொண்டுதான் நடக்கும்.

ஊசி பற்றி நிச்சயம் கேட்பார்கள். உடைந்த ஊசித் துண்டு துணியில் போய்விடக்கூடாது என்பதில் ஜப்பான்காரன் மாதிரி கறார் யாரும் இல்லை. நீடில் டிடெக்டர் எங்கே இருக்கிறது, உடைந்த ஊசியைத் துண்டு விடாமல் சேர்த்து ரிஜிஸ்டரில் ஒட்டுகிறீர்களா, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஒரு ஸ்லைடு போடு. கம்பெனி வரலாற்று ஸ்லைடு பத்தை எடுத்துவிடலாம்.

"கென்தோ ஷிமாஸ்" என்றால் பரிசீலிக்கிறோம் என்று அர்த்தம். நம் ஊரில் பெண் பார்த்துவிட்டு "கலந்து பேசிச் சொல்கிறோம்" என்பார்களே, அதேதான்.

விசிட்டிங் கார்டு ஆளுக்கு நூறு, பின்பக்கம் ஜப்பானிய எழுத்தில். இரண்டு கையாலும் கொடுத்து இரண்டு கையாலும் வாங்க வேண்டும், வாங்கியதை அவர்கள் கண் முன்னால் பின்பாக்கெட்டில் செருகாதே. இனிஷியலை விரித்து எழுதினால் எது உன் பெயர் என்று தெளிவாகப் போடு. என்னோடு வந்தவரை மூன்று நாளும் அவர் அப்பா பெயரோடு, நம் "சார்" மாதிரி மரியாதைக்குச் சேர்க்கும் "சான்" போட்டுக் கூப்பிட்டார்கள், மனிதர் நெளிந்துகொண்டே இருந்தார்.

பனியன்ஊர்:

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். இன்னொரு சிக்கல். அக்டோபர் முதல் வாரம் புரட்டாசி. முதலாளி கவுச்சி தொட மாட்டார், சனிக்கிழமை வேறு வருகிறது. அப்புறம் சாம்பிள் டி-ஷர்ட் எல்லாம் பெட்டியில் மடிந்து கசங்கி வரும், இங்கிருந்தே அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போகலாமா?

நகோயா ரிட்டர்ன்:

அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போகாதீர்கள். அங்கே 100 வோல்ட், நம் பெட்டி வெதுவெதுப்புக்கு மேல் ஏறாது, ஹோட்டலில் கேட்டால் தருவார்கள். லேப்டாப் சார்ஜர் வேலை செய்யும், ஆனால் தட்டையான இரண்டு பின் அடாப்டர் தேவை.

சாப்பாட்டில் "காய்கறிதான்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். சூப்பு, நூடுல்ஸ், ஏன் வேகவைத்த கீரையில்கூட தாஷி என்று ஒரு சாறு ஊற்றுவார்கள், அது பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுத்தது. ஒசாகாவில் இந்திய ஓட்டல்கள் உண்டு, செமினார் அன்றைக்கு அங்கே சொல்லிவிடுங்கள். அவசரத்துக்குப் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், வெறும் சோறு எங்கேயும் கிடைக்கும்.

பனியன்ஊர்:

சரிங்க, அயர்ன் பாக்ஸை வெளியே எடுத்துவிட்டேன். வருகிறவர்களுக்குப் பரிசாக ஒரு பெட்டியில் நாலு டி-ஷர்ட் என்று 40 பெட்டி ஏற்கெனவே பேக் ஆகிவிட்டது, அது ஒன்றுதான் நிம்மதி.

சூளைமேட்டுச் சென்செய்:

நாலா? ஜப்பானியத்தில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே உச்சரிப்பு, "ஷி". இன்றைக்கே பிரித்து மூன்றாக்குங்கள்.