படகு இன்ஜினுக்கு எரிபொருள் அடிட்டிவ்: எதை, எப்போது சேர்க்க வேண்டும்?

கேள்வி: நீலத்திசை

அனைவருக்கும் வணக்கம். என் ஃபைபர் படகில் கார்புரேட்டர் உள்ள 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் இருக்கிறது. பெட்ரோல் டேங்க் தளத்துக்கு அடியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் அதைக் கழற்றி எடுக்க முடியாது. பருவம் முடிந்ததும் படகு பல மாதங்கள் ஓடாமல் நிற்கும். அதன் பிறகு ஸ்டார்ட் செய்யும்போது, வேகத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனால் ஐடிலிங்குக்கு, அதாவது படகை ஓட்டாமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தால் அணைந்துவிடுகிறது. கடையில் கேட்டபோது ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காப்பது), நீர் நீக்கி, கார்பன் கிளீனர் என்று எரிபொருளில் கலக்கும் மூன்று அடிட்டிவ் புட்டிகளைக் காட்டினார்கள். மூன்றையும் சேர்த்தே ஊற்றலாமா? டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை இவை சரிசெய்துவிடுமா? எங்கள் பகுதியில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல்தான்.

மறுமொழி: பழைய மெக்கானிக்

வணக்கம். மூன்று புட்டிகளும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கானவை. உங்கள் இன்ஜினுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் மூன்றையும் ஊற்றினால், குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது. நீங்காவிட்டால் அடுத்து எங்கே பார்ப்பது என்பதும் தெரியாது.

நீங்கள் சொல்லும் அறிகுறி, கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளையான ஐடில் ஜெட்டில் பிசின் படிந்திருப்பதையே காட்டுகிறது. பெட்ரோலில் உள்ள சில ஹைட்ரோகார்பன்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து கோந்துபோல இறுகும். இன்ஜின் ஓடாமல் நிற்கும்போது கார்புரேட்டரின் மிதவை அறையில் (பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணத்தில்) தேங்கிய சிறிதளவு பெட்ரோல் ஆவியாகி, அந்தக் கோந்தை அடியில் விட்டுச் செல்கிறது. வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டின் துளை பெரியது என்பதால் அது தாங்கிக்கொள்ளும். மிக நுண்ணிய ஐடில் ஜெட்தான் முதலில் அடைபடும். வேகத்தில் நன்றாக ஓடி, ஐடிலிங்கில் மட்டும் அணைவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு எந்த அடிட்டிவும் முழுத் தீர்வாகாது. பாலிஈதரமைன் என்ற படிவு நீக்கும் வேதிப்பொருள் கலந்த கார்பன் கிளீனர்கள் உண்மையிலேயே நல்லவை. இன்ஜெக்டரிலும் உள்ளிழு வால்விலும் எரியறையிலும் சேர்ந்த படிவுகளைப் படிப்படியாகக் கரைக்கும். ஆனால் அடைபட்ட துளை வழியாகப் பெட்ரோலே போகாதபோது, அதில் கலந்த மருந்து மட்டும் எப்படிப் போய்ச் சேரும்? கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளைக் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஜெட் பித்தளையால் ஆனது. எஃகுக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, எரிபொருள் கலவையின் அளவே மாறிவிடும்.

ஸ்டெபிலைசரைப் பொறுத்தவரை, ஆக்சிஜனேற்றம் தொடங்கும் முன்பே அதைத் தடுப்பதுதான் அதன் வேலை. கெட்டுப்போன பெட்ரோலை அது புதுப்பிக்காது. ஆவியாகிப்போன இலகுவான பகுதிகளையும் திருப்பித் தராது. ஆகவே படகை நிறுத்தப்போகும் நாளில், புதிய பெட்ரோல் நிரப்பும்போதே சேர்க்க வேண்டும். டேங்கில் மட்டும் கலந்துவிட்டு நிறுத்தினால் கார்புரேட்டருக்குள் இருப்பது மருந்து கலக்காத பழைய பெட்ரோலாகவே இருக்கும். எனவே குளிரூட்டும் நீர் இணைப்பைக் கொடுத்துப் பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளிலேயே பாழாகத் தொடங்கும். அவசரத்தில் பலர் மறந்துவிடுவதால் இதைச் சொல்கிறேன். நீண்ட காலம் நிறுத்துவதாக இருந்தால், அதன்பின் மிதவை அறையின் வடிகால் திருகைத் திறந்து அதிலுள்ள பெட்ரோலையும் வடித்துவிடுவது இன்னும் பாதுகாப்பானது.

மறுமொழி: உப்புக்காற்று

முன்னவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மிஞ்சிய புட்டியான நீர் நீக்கியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். படகுக்காரர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான்.

அந்தப் புட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஐசோபுரோப்பைல் போன்ற ஓர் ஆல்கஹால். டேங்கின் அடியில் தங்கிய கொஞ்சம் தண்ணீரைப் பெட்ரோலோடு கலக்கச் செய்து, இன்ஜின் வழியாக எரித்து வெளியேற்றுவதே அதன் முறை. உங்கள் பெட்ரோலில் எத்தனால் ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் ஆல்கஹால்தான், அதே வேலையைத்தான் அதுவும் செய்துகொண்டிருக்கிறது. பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஏறத்தாழ அரை விழுக்காடு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும், அதாவது நூறு லிட்டருக்குச் சுமார் அரை லிட்டர். அந்த வரம்பைத் தாண்டினாலோ, வெப்பநிலை இறங்கினாலோ எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் முனையும் அந்த அடியில்தான் இருக்கிறது. மேலே மிஞ்சும் பெட்ரோலிலும் எத்தனால் போய்விட்டதால் ஆக்டேன் அளவு (இன்ஜினில் தட்டல் இல்லாமல் எரியும் திறன்) குறைந்திருக்கும். எண்ணெய் கலந்து ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. எண்ணெய் மேலே உள்ள பெட்ரோலிலேயே தங்கிவிட, கீழடுக்கை உறிஞ்சும் இன்ஜினுக்கு உயவு கிடைக்காமல் பிஸ்டன் இறுகிவிடும். இப்படிப் பிரிந்த எரிபொருளை ஒரு புட்டி மருந்தால் மீட்கலாம் என்று நம்பி ஓட்டாதீர்கள். முழுவதையும் வெளியே எடுப்பதே வழி.

செலவில்லாத ஒரு சோதனை உண்டு. எரிபொருளிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் விடை கிடைத்துவிட்டது. அதோடு டேங்க் மூடியின் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்), காற்றுக்குழாயின் வாய் அலை தெறிக்கும் இடத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தண்ணீர் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளிலேயே நுழைகிறது. நுழையும் வழி திறந்திருக்கும்வரை எத்தனை புட்டி வாங்கினாலும் பயனில்லை.

மறுமொழி: ஆழிப்பயணி

பெட்ரோலைப் பற்றிப் போதிய அளவு சொல்லிவிட்டார்கள். டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

டீசலில் முதல் எதிரி நுண்ணுயிர். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினால், அதுவும் டீசலும் சந்திக்கும் பரப்பில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, கறுப்பான சளி போன்ற கசடாகி ஃபில்டரை அடைக்கும். பயோடீசல் கலந்த எரிபொருள் ஈரத்தை அதிகம் ஈர்ப்பதால் வளர்ச்சி இன்னும் எளிது. இதற்கு உயிர்க்கொல்லி அடிட்டிவ் பயன்படும். ஆனால் முதலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கடுமையாகத் தாக்கப்பட்ட டேங்கில் மருந்து ஊற்றியதும், செத்த கசடு முழுவதும் பெயர்ந்து வந்து ஃபில்டரில் சேரும். மாற்று ஃபில்டர் கையில் இல்லாமல் கரையைவிட்டு நகர வேண்டாம். இந்த மருந்துகள் தோலுக்குக் கெடுதி என்பதால் கையுறை அவசியம்.

மிக உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் நவீன காமன் ரெயில் இன்ஜினில் நீரை டீசலோடு கலக்கச் செய்யும் வகை அடிட்டிவைத் தவிர்த்து, நீரைப் பிரித்து ஃபில்டரில் விழச் செய்யும் வகையையே தேர்ந்தெடுங்கள். கலந்த நீர்த்துளி இன்ஜெக்டர் முனையின் வெப்பத்தில் நீராவியாக வெடித்து முனையையே அரித்துவிடும்.

நீலத்திசை

மூவருக்கும் நன்றி. செப்பரேட்டரிலிருந்து பிடித்துப் பார்த்தேன். அடுக்கு பிரியவில்லை, ஆனால் பெட்ரோல் மஞ்சள் முற்றி, புளித்த வாடை அடிக்கிறது. டேங்கில் கால் பங்குக்கும் குறைவாகவே இருக்கிறது. இதன்மேல் புதிய பெட்ரோல் ஊற்றி, ஸ்டெபிலைசரை இரு மடங்கு சேர்த்தால் போதுமா?

மறுமொழி: பழைய மெக்கானிக்

வேண்டாம். அந்த வாடை வந்துவிட்டால் பெட்ரோல் ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. அளவை இரட்டிப்பாக்குவதால் பாதுகாப்பும் இரட்டிப்பாகாது. புட்டியில் அச்சிட்ட அளவைத் தாண்டினால் மருந்தே எரியறையில் படிவாகலாம். கால் பங்குதான் என்பதால் தயங்காமல் வடித்து, அபாயக் கழிவு வாங்குமிடத்தில் ஒப்படையுங்கள். நீரிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. தீப்பொறி வராத கைப்பம்பைக் கொண்டு, காற்றோட்டமான இடத்தில், பேட்டரி இணைப்பை முன்பே துண்டித்துவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். பிறகு 10 மைக்ரான் ஃபில்டரைப் புதிதாக மாற்றி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, புதிய பெட்ரோலோடு முதல் டேங்குக்கு மட்டும் பாலிஈதரமைன் கிளீனரைச் சேர்த்து ஓட்டலாம். இந்த கிளீனரில் சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் கலக்கும் என்பதால், ஆயில் மாற்றும் முறை நெருங்கும்போது இதைச் செய்தால் ஆயிலை உடனே மாற்றிவிடலாம்.