‘சிறந்த பொருத்தம்’ வேண்டாம், ‘பிழைபகிர் பொருத்தம்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

செய்துமுடித்த உருப்படியை அளந்து வரைபடத்தோடு ஒப்பிடும்போது போடும் ‘பெஸ்ட் ஃபிட் அலைன்மென்ட்’டுக்குச் ‘சிறந்த பொருத்தம்’ என்று எழுதுவதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அளவீட்டு அறிக்கையில் அப்படிப் பார்த்தால் உருப்படி நன்றாக வந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எவ்வளவு கோணலான உருப்படிக்கும் ஒரு பெஸ்ட் ஃபிட் உண்டு.

நடப்பது இதுதான். சி.எம்.எம். (புள்ளிகளின் ஆயங்களை அளக்கும்) இயந்திரமோ, லேசர் கதிரால் அளக்கும் லேசர் டிராக்கரோ அளந்தெடுத்த புள்ளிகள் ஒரு பக்கம். வரைபடம் அதே புள்ளிகளுக்குச் சொல்லும் ஆயங்கள் இன்னொரு பக்கம். அளந்த புள்ளிகளை மொத்தமாக நகர்த்தி, திருப்பி, வரைபடத்தின் மேல் படிய வைக்கிறோம். மூன்று திசைகளில் நகர்வு, மூன்று அச்சுகளில் சுழற்சி, ஆக ஆறு எண்கள். நீட்டவோ சுருக்கவோ கூடாது. ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தை விட்டு விலகி நிற்கும் தூரத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகவும் குறையும் நிலையைத் தேடுகிறோம். 1805-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் வெளியிட்ட அதே மீச்சிறு வர்க்க முறைதான்.

இதில் பிழை எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் துளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று துளைகள் அச்சு அசலாக இடத்தில் இருக்கின்றன. நான்காவது மட்டும் ஒரு பக்கத்தின் திசையில் 0.4 மி.மீ. தள்ளி விழுந்துவிட்டது. பெஸ்ட் ஃபிட் போட்டதும் நான்கும் சேர்ந்து 0.1 மி.மீ. எதிர்த்திசையில் நகரும், கூடவே துளி திரும்பும். முடிவில் தவறிய துளையின் விலக்கம் ஏறக்குறைய 0.25 என்று வரும். குற்றமே இல்லாத துளைகளில் ஒன்றுக்கு 0.16, மற்ற இரண்டுக்கும் தலா 0.07. ஒரு துளை 0.3 மி.மீ. வரை விலகலாம் என்பது விதியானால் நான்குமே தேறிவிடும்! அடிப்பரப்பையும் பக்கப் பரப்புகளையும் ஆதாரமாக வைத்து அளந்திருந்தால் 0.4 அப்படியே தெரிந்திருக்கும்.

பிழை குறையவில்லை, பங்கு போடப்பட்டிருக்கிறது. அதனால்தான் ‘பிழைபகிர் பொருத்தம்’ என்கிறேன். வினைத்தொகை என்பதால் வல்லெழுத்து மிகாது; வினையாக வேண்டுமானால் ‘பிழை பகிர்ந்து பொருத்து’ என்று தடையில்லாமல் வரும். ஆதாரப் பரப்புகளை வைத்துச் செய்வதை ‘ஆதாரப் பொருத்தம்’ என்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெயரிலேயே தெரியும்.

‘பகிர்’ என்றால் இன்று சமூக ஊடகத்தில் பகிர்வதுதான் நினைவுக்கு வரும் என்று ஒரு மறுப்பு வரலாம். பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் பழைய பொருள், இங்கே நமக்கு வேண்டியதும் அதுவே. ‘உகந்த பொருத்தம்’ என்பதையும் யோசித்தேன். எதற்கு உகந்தது என்ற கேள்வி நிற்கிறது. ‘நேர்ப்படுத்தல்’ வளைந்ததை நிமிர்த்துவதாகத் தொனிக்கும், அது வேறு வேலை.

பெயரில் ‘பிழை’ என்ற சொல் இருப்பதால் இந்த முறையே தவறு என்று ஆகிவிடாது. வார்ப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் கடைந்தெடுக்கப் போதுமான உலோகம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும்போது, பிழையை எல்லாப் பக்கமும் பரப்பிப் பார்ப்பதுதான் சரியான வழி. ஒரு பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அளந்தால் நல்ல வார்ப்பையும் கழித்துவிடுவோம்.

பொருத்திய பின் ஒவ்வொரு புள்ளியிலும் மிஞ்சுவதை ‘எச்சம்’ என்பதை விட ‘விலக்கம்’ என்பது மேல். திட்ட விலக்கம் என்று பள்ளியிலேயே பழகிய சொல். ஆறு எண்களோடு அளவு மாற்றத்தையும் (நீட்டல், சுருக்கல்) ஏழாவதாக அனுமதிக்கும் ஹெல்மர்ட் உருமாற்றத்துக்குத் தனிப்பெயர் வேண்டும். ‘அளவுமாறு பொருத்தம்’ சரிப்படுமா? நில அளவைத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.