வீட்டு ரகசியத்தை ஆலோசகர் முன் திறக்கத்தான் வேண்டுமா?

கரைமேடு:
குடும்ப சிகிச்சை என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே அறையில் கொட்டவைப்பதை நான் எதிர்க்கிறேன். என் தங்கையும் மாப்பிள்ளையும் ஓயாத சண்டைக்காக ஓர் ஆலோசகரிடம் போனார்கள். மாப்பிள்ளை தனியே பேசியபோது தன் கடனைச் சொல்லியிருக்கிறார். அடுத்த அமர்வில் ஆலோசகரே அதைத் தங்கை முன்னால் போட்டு உடைத்துவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதுதான் மிச்சம். இப்போது இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. சில விஷயங்கள் மூடியே கிடக்கட்டும்.

வேனில்:
உங்கள் தங்கை குடும்பத்துக்கு நடந்தது அநியாயம். தனியே கேட்டதை என்ன செய்வேன் என்று ஆலோசகர் முதல் நாளே சொல்லியாக வேண்டும். சிலர், ஒருவர் சொல்வதை மற்றவரிடம் மறைக்க மாட்டேன் என்பார்கள். சிலர் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். எது என்று தெரியாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஆனால் மூடிவைத்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். எனக்கு நெருங்கிய குடும்பம் ஒன்றில் தந்தை தற்கொலை செய்துகொண்டார். சின்னஞ்சிறு மகனிடம் மாரடைப்பு என்று சொல்லி வளர்த்தார்கள். பெரியவனான பிறகு நெஞ்சு லேசாகப் பிசைந்தாலும் ஈசிஜி எடுக்க ஓடுவான். கடைசியில் தாய் ஓர் ஆலோசகரைப் பலமுறை தனியே சந்தித்தார். எந்தச் சொற்களில் சொல்வது, அவன் கொதித்தெழுந்தால் எப்படித் தாங்குவது என்றெல்லாம் பேசித் தயாரான பிறகே மகனை அழைத்தார்கள். எல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்காவுக்குத் தெரியுமா?" தெரியும். அதற்குத்தான் அழுதான்.

இருவருக்கிடையே இறுக்கம் கூடினால் மூன்றாமவரை இழுத்துக்கொள்வார்கள் என்று குடும்ப சிகிச்சை முன்னோடியான மனநல மருத்துவர் முர்ரே போவன் சொன்ன முக்கோணம் இதுதான். தாயும் மகளும் சேர்ந்து சுமந்தது அவனை வெளியே நிறுத்திவிட்டது. அடுத்த அமர்வுகள் முழுக்க அக்கா, தம்பி பேச்சாகவே போயின.

தாழை:
ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். அடி உதை இருக்கும் வீட்டில் கூட்டு அமர்வே ஆபத்து. அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். அப்படிப்பட்ட வீட்டாருக்குத் தனிச் சந்திப்பும் பாதுகாப்பு ஏற்பாடும்தான் முதலில். குடும்ப ரகசியங்களை வகை பிரித்த குடும்ப சிகிச்சையாளர் இவான் இம்பர்-பிளாக், உறவைக் கெடுக்கும் நச்சு ரகசியத்தையும் உடனடி ஆபத்து உள்ளதையும் வேறாகவே வைத்தார். முன்னதற்கு நிதானம் வேண்டும், பின்னது காத்திருக்காது.

கரைமேடு:
என் அம்மாவுக்குத் திருமணத்துக்கு முன் ஒரு காதல் இருந்ததாம். அதையும் கிளறச் சொல்வீர்களா?

வேனில்:
வேண்டவே வேண்டாம். அது அவருடைய சொந்த விஷயம். தெரியாததால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. தத்தெடுத்தது, பரம்பரை நோய், குடும்பத்தின் தலையில் விழப்போகும் கடன் ஆகியவை அப்படியல்ல. அவற்றை மறைத்தால் மற்றவர் தன் வாழ்க்கையைத் தவறான கணக்கில் நடத்துகிறார்.

கரைமேடு:
கடனைச் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை. ஆலோசகர் அல்ல.

வேனில்:
சரியாகச் சொன்னீர்கள். ஆனால் அவர் சொல்லாமலே இழுத்தடித்தால், "இதற்கு மேல் இருவரையும் சேர்த்துப் பார்க்க முடியாது" என்று ஆலோசகர் அவரிடம் தனியே சொல்லலாம்.

கரைமேடு:
அதுவும் ஒருவகை மிரட்டல்தானே?

வேனில்:
இல்லை. உங்கள் தங்கையும் அதே ஆலோசகரை நம்பித்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.