வண்ணம் பூசிய தாளில் செய்யும் வாழ்த்து அட்டை வளைந்து போகிறது

கேள்வி – தாள்வெட்டி

வணக்கம். பொங்கலுக்கு உறவினர்களுக்கு அனுப்ப 40 வாழ்த்து அட்டைகளை வீட்டிலேயே செய்து வருகிறேன். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) ஜெராக்ஸ் தாளில் அக்ரிலிக் வண்ணத்தைப் பட்டைத் தூரிகையால் பூசி, காய்ந்தபின் கரும்பாகவும் பானையாகவும் கத்தரித்து ஒட்டுகிறேன். பூசிய தாள் குழல்போலச் சுருள்கிறது. ஃபெவிக்காலில் சிறிது தண்ணீர் கலந்து ஒட்டினால் அடியிலுள்ள அட்டையும் சேர்ந்து வளைகிறது. 10 அட்டைகளை அடுக்கிப் பாரம் வைத்தேன். மறுநாள் பிரித்தபோது ஒரு பானையின் சிவப்பு மேலிருந்த அட்டையின் முதுகோடு உரிந்து வந்துவிட்டது. என் பிழை எங்கே?

பதில் 1 – பைண்டிங்காரர்

பிழை தண்ணீரில்தான் இருக்கிறது. ஈரம் பட்டால் தாளின் இழைகள் அகலவாக்கில் உப்பும், காயும்போது சுருங்கும். ஒரு முகம் மட்டும் நனைந்து காய்வதால் தாள் அந்தப் பக்கமாக இழுபடுகிறது. ஆகவே வண்ணம் நன்றாகக் காய்ந்தபின் தாளின் பின்புறத்தில் வெறும் தண்ணீரை இலேசாகத் தடவி, வெள்ளைத் தாள்களுக்கு நடுவே ஓரிரவு பாரத்தின்கீழ் வையுங்கள். ஃபெவிக்காலில் தண்ணீர் கலக்கவே வேண்டாம். அட்டைத் துண்டால் மெல்லிதாக வழித்துப் பூசினால் போதும். அடியட்டை 250 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும். மடிக்குமுன் அதை இரு வாக்கிலும் வளைத்துப் பார்த்து, எளிதில் வளையும் வாக்கிலேயே மடியுங்கள், ஏனெனில் இழைகள் ஓடும் திசை அதுதான். வாழ்த்து எழுதும் உட்பக்கத்திலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டால் இருபுற இழுப்பும் சமமாகும். புத்தக அட்டைக்கு நாங்கள் உள்தாள் ஒட்டுவது அழகுக்காக மட்டுமல்ல.

பதில் 2 – மைதாப்பசை

உரிந்து வந்ததற்குக் காரணம் வேறு. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும் சில நாட்கள் இளக்கமாகவே இருப்பதால், பாரமும் மார்கழிப் பனியின் ஈரமும் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இடையிடையே பட்டர் பேப்பர் வையுங்கள். போஸ்டர் கலர் இப்படி ஒட்டாது என்றாலும் பசையின் ஈரம் பட்டதும் கரைந்து கசியும்.

நான் அக்ரிலிக்கைத் தனியாகப் பூசுவதில்லை. ஒரு பங்கு மைதாவை ஆறு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோலாகும்வரை காய்ச்சி, ஆறியபின் வடிகட்டி வண்ணத்தைக் கலந்து, ஈரத்துணியால் துடைத்த தாளில் பூசுவேன். அது உலருமுன் பழைய சீப்பால் இழுத்தால் கோடுகள் விழும். பச்சைத் தாளில் சீப்பை நேராக இழுத்துக்கொண்டே வந்து இரண்டு விரற்கடைக்கு ஒருமுறை சற்று நிறுத்தினால், அங்கே பசை திரண்டு கரும்பின் கணுவாகவே நிற்கும். சுவரொட்டிப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்களே, அதை வீட்டில் சேர்க்காதீர்கள்; அது நஞ்சு.

பதில் 3 – கத்தரிக்கோல்

செய்முறையைப் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். 40 அட்டையிலும் பானையை வைக்கத்தான் வேண்டுமா என்பது என் ஐயம். பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் தம் முதுமையில், உதவியாளர்கள் முன்கூட்டியே வண்ணம் பூசிவைத்த தாள்களைக் கத்தரித்தே படங்களை உருவாக்கினார்; உருவத்துக்கு முன்பே வண்ணம் ஆயத்தமாக இருந்தது. நீங்களும் எதற்கென்று எண்ணாமல் பெரிய தாள்களாகப் பூசிவைத்து, பழைய அட்டையில் 10×15 செ.மீ. சன்னல் ஒன்றை வெட்டி அவற்றின்மேல் நகர்த்திப் பாருங்கள். தூரிகை தடுமாறிய மூலைகூடச் சில வேளை அந்தச் சன்னலுக்குள் வயல்வெளியாகத் தெரியும். அப்போது மேலே மஞ்சள் வட்டம் ஒன்றை ஒட்டினாலே அட்டை முடிந்துவிடும்.

தாள்வெட்டி

மூவருக்கும் நன்றி. நேற்று 12 அட்டைகள் செய்தேன். கரும்புக்குக் கணு விழுந்துவிட்டது. இரண்டு மட்டும் வளைந்தன. அவற்றை இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்திருக்கிறேன்.