ஜிப்ஸி 1.3 எஞ்சின்: 1.6 கிராங்க் போடலாமா, கிரைண்டிங் போதுமா?

அம்பை_ஜிப்ஸி: நம்ம மாருதி ஜிப்ஸி ஜீப்போட எஞ்சின் பிரிச்சுக் கிடக்கு. கிராங்க்குல (பிஸ்டன் ஏறி இறங்குததைச் சுழற்சியா மாத்துத தண்டு) 3ஆம் நம்பர் பின் (ராடு மாட்டுத உருளை) 0.04 மி.மீ. ஓவல், நகம் தட்டுத அளவுக்குக் கீறல். மெயின் ஜர்னல் (கிராங்க் பிளாக்குல உக்காந்து சுத்துத உருளை) எல்லாம் நல்லாருக்கு. கிராங்க் எப்படியும் வெளிய வந்தாச்சு, பழைய பலேனோ 1.6 கிராங்க்கைப் போட்டா என்ன? ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குத தூரம்) 75.5 மி.மீ.ல இருந்து 90 ஆகும். மாஞ்சோலை ஏத்தத்துல இழுவை கூடும்லா?

பாளை_மைக்ரோமீட்டர்: அண்ணாச்சி, கணக்கைப் பாருங்க. ஸ்ட்ரோக் 14.5 கூடுதுன்னா பிஸ்டன் மேல 7.25 மி.மீ. ஏறும். 1.6 பிளாக்கே உயரம் கூடுனது. 1.3 பிளாக்குல அதே ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்குத தண்டு), அதே பிஸ்டன் போட்டா ஹெட்டுல போய் முட்டும்.

தச்சை_லேத்: அதுக்குத்தான் குட்டை ராடோ, ராடு மாட்டுத பின்னோட இடம் உசந்த பிஸ்டனோ செய்யுதாங்க. 74 மி.மீ. போருக்கு (சிலிண்டர் விட்டம்) 1548 சிசி வரும். ஏத்தத்துக்கு வேணுங்கிற டார்க் (சுழற்றுத விசை) கீழ் ஆர்.பி.எம்.மிலயே கிடைக்கும். முடியாதுன்னு ஒரேயடியா அடிச்சுப் பேசாதீங்க.

பாளை_மைக்ரோமீட்டர்: முடியும்வே, ஆனா அதோட நிக்காது. பெட்ரோல் எரியுத கம்பஸ்ஷன் சேம்பரைத் தொடாம விட்டா 9:1 இருந்த கம்ப்ரஷன் (கலவையை அமுக்குத விகிதம்) 10.5க்குப் போயிரும். ஏத்தத்துல லோடு ஏறும்போது நாக்கிங் (கலவை தாறுமாறா வெடிச்சுத் தட்டுத சத்தம்) வரும். 6000 ஆர்.பி.எம்.ல பிஸ்டன் வேகம் விநாடிக்கு 15 மீட்டர் இருந்தது 18 ஆகும். குட்டை ராடுன்னா பிஸ்டன் போர் சுவத்துல சாய்ஞ்சு தேய்க்கும். ராடு பிளாக் அடியில உரசுதான்னும் பாக்கணும். சிசி மாறுனா ஆர்சி புக்குல ஏத்தணும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்குல்லா. இவ்வளவுக்கும் முழு 1.6 எஞ்சினையே இறக்கிரலாம்.

அம்பை_ஜிப்ஸி: சரி, கிரைண்டிங்னா அந்த ஒரு பின் மட்டும் போதுமா?

பாளை_மைக்ரோமீட்டர்: நாலு பின்னும் ஒரே அளவுக்கு, 0.25 மி.மீ. அண்டர்சைஸ் (அந்த அளவுக்கு விட்டம் குறைச்சு). முதல்ல விரிசல் இருக்கான்னு கிராக் டெஸ்ட். அப்புறம் ரெண்டு ஓர மெயினையும் வி-பிளாக்குல (V வடிவத் தாங்கி) வச்சு, கிராங்க்கைச் சுத்தி நடு மெயின்ல டயல் கேஜால (ஆட்டம் அளக்குத கருவி) பாக்கணும். 0.06 மி.மீ.க்கு மேல ஆடுனா அந்தக் கிராங்க்கை விட்டுருங்க, நிமுத்தப் பாக்காதீங்க. பட்டறையில ரெண்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லணும்: பின்னோட ஓரத்து வளைவை அப்படியே விடணும், ஆயில் ஓட்டை விளிம்பை மழுக்கணும். ஓர வளைவைக் கூர் மூலையா வெட்டிட்டா விரிசல் அங்கதான் பிறக்கும்.

தச்சை_லேத்: இதுல நானும் ஒத்துக்கிடுதேன். ஆனா பின்னுல கடினப்பட்ட தோல் மெல்லிசா இருந்தா கிரைண்டிங்ல அது போயிரும். ஹார்ட்னஸ் பாக்காம 0.50 வரைக்கும் இறங்குறதுக்குப் புது கிராங்க் மேல்.

பாளை_மைக்ரோமீட்டர்: 0.50 யாரு சொன்னா? 0.25ல கீறல் போகலைன்னா புதுசுதான். கிரைண்டிங் முடிஞ்சதும் ஆயில் வழி எல்லாத்தையும் பிரஷ் விட்டு மண்ணெண்ணெயில கழுவி ஏர் அடிங்க. நிறையப் பேரு கோட்டை விடுத இடம் இதுதான்: உள்ள தங்குன கல்தூள் புது பேரிங்கை முதல் ஸ்டார்ட்டுலயே கீறிரும். பேரிங் இடைவெளியான கிளியரன்ஸைப் பாக்க பிளாஸ்டிகேஜ் (நசுங்குன அகலத்தை வச்சு இடைவெளி காட்டுத இழை) வைக்கும்போது எண்ணெய் தடவக்கூடாது, கேப் போல்ட்டை சொன்ன அளவுக்கு முடுக்குன பிறகு கிராங்க்கைச் சுத்தவும் கூடாது. பின்னுல கிளியரன்ஸ் 0.02ல இருந்து 0.05 மி.மீ.க்குள்ள வரணும். கிராங்க்கோட முன்பின் ஆட்டம் 0.11–0.31, அதிகபட்சம் 0.38. அதைத் தாண்டுனா அந்த ஆட்டத்தைத் தடுக்குத த்ரஸ்ட் பேரிங்கை மாத்துங்க.

அம்பை_ஜிப்ஸி: மெயினுக்கு பழைய பேரிங்கையே போட்டுரலாமா?

தச்சை_லேத்: கூடாது. கிரைண்ட் பண்ணாத ஜர்னலுக்கான ஸ்டாண்டர்டு பேரிங்லயே நிறம் வச்சு அஞ்சு கனம் வரும். கிராங்க் வெப்புல (பின்னையும் ஜர்னலையும் இணைக்குத கை) குத்தியிருக்க நம்பரையும் பிளாக்குல இருக்க குறியையும் போட்டோ எடுத்துப் போடுங்க, எந்த ஜர்னலுக்கு எந்த நிறம்னு பாத்துச் சொல்லுதேன்.