சொல் தேவை: நியூட்டன் உலையில் செய்த வேலைக்கு

அன்புள்ள குழுவினருக்கு,

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கான நூலில் நியூட்டன் பகுதியை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் உலை மூட்டி ஆன்டிமனி என்னும் தனிமத்தை உருக்கிக்கொண்டிருந்தவர் அவர். பிறர் நூல்களிலிருந்து படியெடுத்தவையும் சேர்த்து, இந்த உலை வேலையைப் பற்றி அவர் கைப்பட எழுதியவை ஏறத்தாழ 10 லட்சம் சொற்கள். 17ஆம் நூற்றாண்டில் ரசவாதமும் (மட்ட உலோகத்தைப் பொன்னாக்க முயலும் கலை) வேதியியலும் தனித்தனியாகப் பிரிந்திருக்கவில்லை. அதனால் வரலாற்றாசிரியர்கள் நியூமனும் பிரின்சிபேயும் 1998இல் 'ஒய்' எழுத்துப் போட்ட பழைய 'கெமிஸ்ட்ரி'யை (chymistry) இரண்டுக்கும் பொதுச்சொல்லாக மீட்டெடுத்தார்கள். தமிழில் 'முன்வேதியியல்' எனலாமா?
– செ. ம.

வேண்டாம். அவர் காலத்தில் அதுதான் முழுத் துறை. எதற்கும் 'முன்' அல்ல. வேதியியலின் வேரே வேதித்தல்தானே? சித்தர் மரபில் உலோக மாற்றத்துக்கு வேதை என்று பெயர். 'ஐந்துலோகத்தையும் வேதித்து விற்றுண்ணலாம்' என்று தாயுமானவரே பாடுகிறார். 'வேதை' என்றே போடுங்கள், தூய தமிழ்.
– ப. அ.

தூய தமிழா? துளைத்தல் என்னும் பொருளுள்ள வடசொல் 'வேத'த்திலிருந்து வந்தது ஐயா அது. சரி, வேரை விடுங்கள். வேதை என்றால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்? ரசவாதம் என்றே எழுதலாம். ஏமாற்று வேலை என்று நினைப்பார்களே என்று அஞ்ச வேண்டாம், அந்தக் கெட்ட பெயரும் வரலாறுதான். பொன்னைப் பெருக்குவதைக் குற்றமாக்கிய 1404ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் 1689 வரை இருந்தது.
– இரா. கோ.

ரசவாதம் என்றால் பொன்னாசை மட்டுமே மனத்தில் நிற்கும். உலோகங்கள் எப்படி உருவாகின்றன என்பதும் அவர் கேள்வி. அப்புறம், இறையியலையும் மறக்காதீர்கள். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் மூவொருமைக் கொள்கையை உள்ளூர மறுத்தவர், மூவொருமையின் (டிரினிட்டி) பெயர் தாங்கிய கல்லூரியிலேயே இருந்தார். பேராசிரியரான அவர் குருப்பட்டம் பெறாமலே அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் (ஃபெலோ) தொடர 1675இல் அரசரின் விலக்கு கிடைத்தது. 1936 ஏலத்தில் அவருடைய தாள்கள் சிதறின. ரசவாதத் தாள்கள் பலவற்றைப் பொருளியலாளர் கெயின்ஸ் சேர்த்தார், இறையியல் தாள்கள் பலவற்றை அறிஞர் யகுதா வாங்கினார். தாள்கள்தான் பிரிந்தன, மனிதரையும் நாம் பிரிக்க வேண்டாம். 'ரசவேதியியல்' என்றால் ரசவாதம், வேதியியல் என இரு பக்கமும் நிற்கும்.
– த. வி.

வடசொல்லும் தமிழும் ஒட்டிய கலவை அது. ஏற்க மாட்டேன்.
– ப. அ.

இலங்கைப் பாடநூல்களில் இன்றும் இரசாயனவியல்தான். சித்த மருத்துவத்துக்கும் உலைக்கும் பொதுவான சொல் அது. நடுச்சொல் ஏற்கெனவே கையில் இருக்க, ஏன் புதிதாகக் கட்டுகிறோம்?
– ந. சி., யாழ்ப்பாணம்

இங்கே இரசாயனம் என்றால் உரமும் பூச்சிமருந்தும் நினைவுக்கு வந்துவிட்டன, நண்பரே. வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. 'ரசவேதியியல்' என்று அனுப்புகிறேன். சொல் முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.
– செ. ம.

அனுப்புங்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பின்போது மீண்டும் கேட்பேன்.
– ந. சி.