ஏழு வயதுக் குழந்தைக்கு முதல் அலைச்சறுக்குப் பலகை: எந்த அளவில் வாங்குவது?

கரையோரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது முடிந்திருக்கிறது. உயரம் 118 சென்டிமீட்டர், எடை 21 கிலோ. நன்றாக நீந்துவாள், அலை தலைக்கு மேல் புரண்டாலும் பதறாமல் மூழ்கி எழுந்துவிடுவாள். இதுவரை பயிற்சியாளரின் எட்டடி ஃபோம் பலகையில் படுக்கவைத்து நான் தள்ளிவிட, நுரை அலைகளில் எழுந்து நின்று பழகியிருக்கிறாள். இனி அவளுக்கென்று ஒன்று வாங்கலாம் என்றால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வளரும் பிள்ளை என்பதால் ஏழடிக்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்கிறார் கடைக்காரர். ஆரம்பத்திலேயே சிறிய ஃபைபர் (கடினமான கண்ணாடியிழை) பலகையில் பழக்கினால்தான் கால் படியும் என்கிறார் நண்பர் ஒருவர். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது? பலகையின் மேல் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கைக் குழந்தைகளுக்கு எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

உப்புக்காற்று எழுதியது:

இரண்டு யோசனைகளையும் நான் ஏற்க மாட்டேன். ஃபைபர் பலகையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அலைச்சறுக்கில் ஏற்படும் காயங்களுக்கு முதன்மையான காரணம், சறுக்குபவரின் சொந்தப் பலகை அவர் மீதே மோதுவதுதான். ஃபைபர் பலகையின் கூர்மூக்கும் அடியில் துடுப்புபோல் நீட்டியிருக்கும் ஃபின்னின் விளிம்பும் பால்பல் வரிசை மாறிக்கொண்டிருக்கும் வயதில் முகத்துக்கு அருகே இருக்க வேண்டிய பொருட்கள் அல்ல. மேல்பரப்பு மென்மையான ஃபோம் பலகையும், வளைந்துகொடுக்கும் ரப்பர் போன்ற ஃபின்களும்தான் இந்த வயதுக்குச் சரி.

அடுத்தது லிட்டர் கணக்கு. அது பலகையின் கன அளவு. கடல்நீரில் ஒரு லிட்டர் கன அளவு ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையைத் தாங்கும். ஆகவே மூன்றரைக் கிலோ எடையுள்ள 35 லிட்டர் பலகை, தன் எடை போக ஏறத்தாழ 32 கிலோவைச் சுமக்கும். 21 கிலோ குழந்தைக்கு அது தாராளம்; இரண்டு மூன்று ஆண்டு வளர்ச்சிக்கும் இடம் இருக்கிறது. ஏழடி ஃபோம் பலகைகள் பெரும்பாலும் 50 லிட்டரைத் தாண்டிவிடும். அவை அசையாமல் மிதக்கும் என்பது உண்மைதான். ஆனால் அலை வரும் நேரத்தில் அதன் மூக்கைத் திருப்பவோ, இழுத்துப் பிடிக்கவோ அந்தக் கைகளுக்கு வலு இராது. காற்றடிக்கும் நாளில் மணலில் தூக்கி நடப்பதே பெரும்பாடாகிவிடும். ஐந்தரை அடியிலிருந்து ஆறடி வரை, 35 முதல் 40 லிட்டருக்குள் பாருங்கள்.

நீளத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு அகலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடையிலேயே பலகையை இரண்டு முக்காலிகளின் மேல் வைத்து, குழந்தையைக் குப்புறப் படுக்கச் சொல்லி, துடுப்பு போடுவதுபோல் இரு கைகளையும் பக்கவாட்டில் இறக்கச் சொல்லுங்கள். முழங்கை விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கினால் அகலம் சரியாக இருக்கிறது. விரல்களும் மணிக்கட்டும் மட்டுமே இறங்குகின்றன என்றால், அவள் காலம் முழுவதும் உங்கள் தள்ளலை நம்பித்தான் அலை பிடிப்பாள். அக்குளிலும் தோல் உராய்ந்து சிவந்துவிடும்.

நுரைத்திரை எழுதியது:

மேலே சொல்லப்பட்டதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் கடைக்காரர் சொன்னதை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. குழந்தைகள் எழுந்து நிற்கும்போது பாதத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. சற்றுப் பின்னால் வைத்தால் பலகையின் மூக்கு தூக்கி வேகம் செத்துவிடும். முன்னால் வைத்தால் மூக்கு நீரில் குத்திவிடும். நீளமான பலகை இந்தத் தடுமாற்றத்தைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும். இடுப்பளவு நீரில் பெரியவர் ஒருவர் எப்போதும் உடன் நின்று தள்ளப்போகிறார் என்றால், ஆறரை அடிப் பலகையில் குழந்தைக்குக் கிடைக்கும் நீண்ட சவாரிகள் அதிகம், அந்த மகிழ்ச்சியில்தான் ஆர்வமும் நிலைக்கும். தானே துடுப்பு போட்டுப் போக விரும்பும் குழந்தைக்கு உப்புக்காற்று சொன்ன அளவே பொருந்தும். ஆக, இதில் முடிவு செய்ய வேண்டியது உங்கள் மகளின் உயரத்தை மட்டும் வைத்தல்ல, அடுத்த ஓராண்டு நீங்கள் அவளோடு நீரில் நிற்கப்போகிறீர்களா என்பதையும் வைத்துத்தான்.

லீஷ், அதாவது பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பலகையின் நீளமும் லீஷின் நீளமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மிகக் குட்டையாக இருந்தால் விழுந்தவுடன் பலகை சுண்டி முகத்துக்கே திரும்பும். 1970களின் தொடக்கத்தில் அறுவைசிகிச்சைக்கான ரப்பர் குழாயை லீஷாகக் கட்டிப் பார்த்த காலத்தில் இதுதான் பெரிய ஆபத்து. வெட்சூட்டுக்கு (குளிர்நீரில் அணியும் ரப்பர் உடை) பெயர்பெற்ற ஜாக் ஓ'நீல் ஒரு கண்ணை இழந்தது அப்படித்தான். இன்றைய யூரித்தேன் லீஷ் அந்த அளவுக்கு இழுபடாது, ஆனாலும் விழுந்தால் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு எழும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள். பலகைக்கும் கரைக்கும் நடுவில் அவள் நிற்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; அலை பலகையைத் தள்ளும் திசை அதுதான்.

பழையமரம் எழுதியது:

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. குழந்தைகள் பலகையை மிஞ்சி வளர்ந்துவிடுவதால் நல்ல நிலையிலேயே கைமாறும் பலகைகள் நிறையக் கிடைக்கும். வாங்குமுன் பலகையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் குறுக்காக மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பு விழுந்த பலகை உள்ளே உடைந்திருக்கக்கூடும். பிறகு மேல்பரப்பைக் கட்டைவிரலால் ஆங்காங்கே அழுத்திப் பாருங்கள்; தோல் தனியாக எழும்பி நகர்ந்தால் ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். ஃபின் பொருத்தும் துளைகளையும் லீஷ் கட்டும் குமிழையும் ஆட்டிப் பாருங்கள். அதே அளவுள்ள வேறொரு பலகையைத் தூக்கி ஒப்பிட்டால், உள்ளே நீர் புகுந்த பலகை கனமாகத் தெரிந்துவிடும். வாங்கியபின் வெயிலில் மூடிய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒரே நாளில் கொப்புளம் கிளம்பிவிடும்.

கரையோரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. முக்காலிச் சோதனையைச் செய்து பார்த்தோம். 21 அங்குல அகலத்தில் அவள் முழங்கை சரியாக இறங்கியது, 22 அங்குலத்தில் இறங்கவில்லை. ஆறடி, 38 லிட்டர் ஃபோம் பலகையை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நுரைத்திரை கேட்டதற்கு விடை: தானே துடுப்பு போட வேண்டும் என்று அடம்பிடிப்பவள் அவள்தான். ஒரே ஒரு சிக்கல்: உடன் வரும் லீஷின் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அவள் கணுக்காலில் சுழல்கிறது.

உப்புக்காற்று எழுதியது:

அது பெரியவர்களின் கணுக்காலுக்கான பட்டை. குழந்தைகளுக்கென்றே சிறிய பட்டையுடன் தனி லீஷ் விற்கிறது, அதைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கிடைக்கும்வரை முழங்காலுக்குச் சற்றுக் கீழே கட்டலாம். அங்கே சதைப்பிடிப்பு இருப்பதால் நழுவாது. எங்கே கட்டினாலும் பின்னால் ஊன்றும் காலில் கட்டுங்கள், கயிறு புறப்படும் பக்கம் காலின் வெளிப்புறமாகப் பின்நோக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் எழும்போது அவளே அதை மிதித்துவிடுவாள்.